உதவி: எந்த மாறி ராமில், எது ஃபிளாஷில் என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
எஸ்டிஎம்32எஃப்103சி8 போர்டில் (ஃபிளாஷ் 64 கேபி, ராம் 20 கேபி) சைன் அலைக்காக ஒரு சி புரோகிராம் எழுதுகிறேன். ஒவ்வொன்றும் 2 பைட் என்று 4096 எண்கள் உள்ள அட்டவணையை, மதிப்புகளோடு குளோபலாக அறிவித்திருக்கிறேன். கம்பைல் ஆகிறது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் 2048 பைட் லோக்கல் அணி உள்ள ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் ஹார்டு ஃபால்ட் (சிப் பிழையில் நின்றுவிடுகிறது). சைஸ் கட்டளை டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) 8380 பைட், பிஎஸ்எஸ் (தொடக்க மதிப்பில்லாதவை) 11900 பைட் என்கிறது. எண்கள் மாறவே மாறாதே, அட்டவணை ஃபிளாஷில்தானே இருக்கும்? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
ஊகிக்க வேண்டாம் தம்பி, கம்பைலரோடு வரும் என்எம் கருவியையே கேட்டுவிடலாம். கம்பைல் செய்து கிடைக்கும் எல்ஃப் கோப்பின் மேல், அளவையும் காட்டி அளவுப்படி வரிசைப்படுத்தச் சொல்லி ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் முகவரி, அளவு, ஓர் எழுத்து, பெயர் என்று வரும். டி என்றால் டேட்டா, பி என்றால் பிஎஸ்எஸ், ஆர் என்றால் படிக்க மட்டுமான பகுதி. ஸ்டாட்டிக் மாறிக்கு அதே எழுத்து சிறியதாக வரும். லோக்கல் மாறிகளை அங்கே தேடாதீர்கள். அவை ஓடும்போது ஸ்டாக்கில் (ராமில் ஃபங்ஷன்களுக்கான தற்காலிக இடம்) பிறந்து மறைபவை.

கேட்டவர்:
கடைசி வரி இதுதான் அண்ணா: முகவரி 20000008, அளவு 00002000, பெரிய டி, அட்டவணையின் பெயர்.

பதில் 1:
பிடிபட்டது. இந்தச் சிப்பில் 20-இல் தொடங்கும் முகவரி ராம், 08 என்றால் ஃபிளாஷ். அளவு பதினாறடிமானத்தில் இருக்கிறது. 2000 என்பது 8192 பைட். கான்ஸ்ட் (மதிப்பு மாறாது என்று சொல்லும் சொல்) போடாததால், யாராவது பின்னால் மாற்றக்கூடும் என்று கம்பைலர் அதை ராமில் வைக்கிறது. தொடக்க மதிப்புகள் ஃபிளாஷிலும் இருக்கும். மெயின் தொடங்கும் முன் ஸ்டார்ட்டப் கோடு அவற்றை ராமுக்கு நகல் எடுக்கும். ஆக, இரண்டு இடத்திலும் செலவு.

பதில் 2:
ஹார்டு ஃபால்ட்டுக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். 8380-உம் 11900-உம் சேர்த்தால் 20280, உங்கள் ராம் 20480. எஸ்டிஎம்32-க்கான கியூப் மென்பொருள் தரும் லிங்கர் ஸ்கிரிப்ட் (எது எங்கே என்று நினைவகத்தைப் பங்கிடும் கோப்பு) என்றால், பிஎஸ்எஸ் கணக்கிலேயே ஹீப்புக்கும் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) ஸ்டாக்குக்கும் 1536 பைட் அடங்கியிருக்கும். அதையும் சேர்த்து மிஞ்சுவது 1736. அதற்குள் 2048 பைட் அணி எப்படி நுழையும்? மேலிருந்து இறங்கும் ஸ்டாக் மற்ற மாறிகளை மிதித்துவிடுகிறது.

கேட்டவர்:
கான்ஸ்ட் போட்டேன். எழுத்து ஆர் ஆனது, முகவரியும் 08. டேட்டா 188-க்கு இறங்கிவிட்டது, ஹார்டு ஃபால்ட்டும் இல்லை! ஆனால் 40 மெனுப் பெயர்களின் பாயிண்டர் அணி, கான்ஸ்ட் இருந்தும் இன்னும் டி-யிலேயே இருக்கிறதே?

பதில் 2:
நட்சத்திரத்துக்கு முன்னால் மட்டும் போட்டிருப்பீர்கள். அது எழுத்துகளைத்தான் பூட்டும், பாயிண்டர்களை அல்ல. நட்சத்திரத்துக்குப் பின்னாலும் ஒன்று போடுங்கள். அப்புறம், இதை அப்படியே ஆர்டுயினோ ஊனோ ஆர்3-க்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கான்ஸ்ட் அட்டவணையும் 2 கேபி ராமில்தான் உட்காரும், புரோக்மெம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கேட்டவர்:
போட்டேன் அண்ணா. அந்த 160 பைட்டும் 08-க்குப் போய்விட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.