மறு: ‘டயமண்ட் ஆன்வில் செல்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘டயமண்ட் ஆன்வில் செல்’ என்பது இரண்டு வைர முனைகளுக்கு நடுவே ஒரு பொருளை வைத்து மிகப் பெரிய அழுத்தம் கொடுக்கும் ஆய்வகக் கருவி. அதற்கும் அதைச் சுற்றியுள்ள சொற்களுக்கும் தமிழ் தேடும் இந்த மடல் இழையில் வந்த கருத்துகளை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘அல்ட்ரா ஹை பிரஷர்’ என்பதற்கு ‘மிகு உயர் அழுத்தம்’ போதுமே, எதற்குப் புதுச் சொல்?

‘உயர் அழுத்தம்’ என்றதும் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தமும் மீதிப் பேருக்கு மின்கம்பியும்தான் நினைவுக்கு வரும். முன்னால் ‘மிகு’ சேர்த்தால் அளவு கூடியது மட்டும்தான் தெரியும். இந்தத் துறையில் பொருளின் இயல்பே மாறிவிடுகிறது. சோடியம் பளபளக்கும் உலோகம். சுமார் 200 ஜிகாபாஸ்கலில் (ஒரு ஜிகாபாஸ்கல் ஏறக்குறைய பத்தாயிரம் வளிமண்டலங்களின் அழுத்தம்) அது ஒளியை ஊடுருவ விடும் மின்காப்புப் பொருளாகிவிடுகிறது என்று 2009-இல் காட்டினார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயு, 150 ஜிகாபாஸ்கல் அளவில் 203 கெல்வினில் (சுமார் −70 டிகிரி செல்சியஸ்) மின்தடையே இல்லாத மீக்கடத்தியானது 2015-இல் வெளிவந்த செய்தி.

அதனால் ‘மீ’ என்ற முன்னொட்டே இங்கே சரி. மீயொலி, மீக்கடத்தி இரண்டிலும் ‘மீ’ ஓர் எல்லையைக் கடந்ததைச் சொல்கிறது. அதே வழியில் மீயழுத்தம். எல்லை எங்கே என்று கேட்டால், 100 ஜிகாபாஸ்கலை, அதாவது ஒரு மெகாபாரை வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய பத்து லட்சம் வளிமண்டலங்களின் அழுத்தம் அது. அதற்குக் கீழே ‘உயர் அழுத்தம்’ இருந்துவிட்டுப் போகட்டும். பூமியின் நடுமையத்தில் இருப்பது சுமார் 360 ஜிகாபாஸ்கல், எனவே அதுவும் மீயழுத்தத்துக்குள் வந்துவிடும்.

வேகமாகப் படிக்கையில் ‘மின்னழுத்தம்’ போலக் கண்ணில் படுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனாலும் கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘மீயுயர் அழுத்தம்’ என்று விரித்து எழுதிவிட்டால் பிறகு குழப்பம் வராது. இலங்கை நண்பர்களுக்கு இது ‘மீயமுக்கம்’ என்று இருந்தால்தான் இயல்பு. அங்கே தாழமுக்கம் முதற்கொண்டு எல்லாமே அமுக்கம்தான். இரண்டு வடிவத்தையும் அகராதியில் போடுவோம், ஒன்றை வெட்ட வேண்டாம். ‘கம்ப்ரெஷன்’ என்ற செயலுக்கு நான் கீழே ‘அமுக்கல்’ என்று எழுதியிருப்பதும் இந்த மோதலைத் தவிர்க்கத்தான்.

> ஆன்வில் என்றால் பட்டறைக்கல். ஆனால் இந்தக் கருவியில் யாரும் சம்மட்டியால் அடிப்பதில்லையே, அந்தச் சொல் பொருந்துமா?

ஐயா, நல்ல கேள்வி. என் வாக்கு ‘பட்டடை’க்கு. குறள் 821-இல் ‘எறிதற்குப் பட்டடை’ என்று வருவது இந்தப் பொருளில்தான். அந்தக் காலத்திலிருந்து இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் ‘பட்டறைக்கல்’ என்று ஒட்டுச் சொல் எதற்கு? வைரம் கல்தான் என்றாலும், இதே கருவியின் முன்னோடிகளில் இருந்தது டங்ஸ்டன் கார்பைடு. அதைக் ‘கல்’ என்று எப்படிச் சொல்வது?

அடி விழுவதில்லை என்பதும் சரிதான். ஆனால் பட்டடையின் வேலை வாங்கித் தாங்குவது. ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் என்ற இயற்பியலாளர் செய்த கருவியில் இரண்டு பட்டடைகள் எதிரெதிரே நின்று நடுவில் இருப்பதை நெருக்கின. இந்தத் துறைக்காக அவருக்கு 1946-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சம்மட்டி இல்லாத இடத்தில் இரண்டு பக்கமும் பட்டடை, அவ்வளவுதான். அதை ‘எதிர்ப்பட்டடை’ என்று சொன்னால் படம் மனதில் விழுந்துவிடும். 1950-களின் கடைசியில் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் வீர், லிப்பின்காட், வான் வால்கன்பர்க், பன்டிங் நால்வரும் பட்டடையை வைரமாக மாற்றினார்கள். கடினத்துக்காக மட்டும் இல்லை. அமுங்கும் பொருளை வைரத்தின் வழியாகவே கண்ணால் பார்க்கலாம், எக்ஸ்-கதிரையும் செலுத்தலாம்.

> அப்படியானால் ‘வைரப் பட்டடைக் கலம்’ என்று முடித்துவிடலாமா?

‘கலம்’ மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்கலம், சூரியக் கலம், எரிபொருள் கலம் என்று நாம் வைத்த கலங்கள் எல்லாம் மின்சாரம் தருபவை. ‘வைரக் கலம்’ என்று தலைப்பிட்டால் புது வகை பேட்டரி என்றுதான் வாசகர் நினைப்பார். ‘செல்’ என்றால் கைபேசி. ‘அறை’ நல்ல சொல்தான், ஆனால் அது உள்ளே வேறு ஓர் இடத்துக்கு வேண்டும்.

கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகு உருளை. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும், ஒவ்வொன்றிலும் ஒரு வைரம் பதித்திருக்கும். சுற்றிலும் உள்ள திருகாணிகளைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குகிறார்கள். வைரத்தின் முனை தட்டையாகத் தீட்டப்பட்டிருக்கும். அந்த முகத்தின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால், சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசை அதன்மேல் விழுந்தாலே 10 ஜிகாபாஸ்கல் வந்துவிடும். மீயழுத்தத்துக்கு முகம் இன்னும் சிறிதாக வேண்டும், பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், விளிம்பையும் சரித்துத் தீட்டுவார்கள். மூடியும் அடியும் பொருந்தும் இத்தனை சின்னப் பொருளுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை: சிமிழ். ‘வைரப் பட்டடைச் சிமிழ்’ என் முன்மொழிவு. பேச்சில் ‘வைரச் சிமிழ்’ என்று சுருங்கும், சுருங்கட்டும்.

இரண்டு வைரங்களுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய உலோகத் தகடு, அதன் மையத்தில் முடியிழை அகலத்துக்கு ஒரு துளை, அந்தத் துளைக்குள் மாதிரி. அந்தத் துளைதான் ‘மாதிரி அறை’. தகட்டுக்குக் ‘கேஸ்கட்’ என்ற பெயரே எல்லாப் பட்டறையிலும் புழங்குகிறது. அதை மாற்ற எனக்கு மனமில்லை. தமிழில்தான் வேண்டும் என்றால் ‘இடைத்தகடு’. ‘அடைப்பான்’ கூடாது. கசிவை அடைப்பதோடு அதன் வேலை முடியவில்லை, பக்கவாட்டில் பிதுங்காமல் மாதிரியை அணைத்துப் பிடிப்பதும், வைரத்தின் முனையைச் சுற்றி நின்று அதற்கு முட்டுக் கொடுப்பதும் அந்தத் தகடுதான்.

அப்புறம், ஒரு அம்மா கேட்டிருந்தார்: உள்ளே இருப்பதை ‘அழுத்தம்’ என்பதா, ‘தகைவு’ (ஸ்ட்ரெஸ்) என்பதா? எனக்கு இந்த இழையிலேயே மிகவும் பிடித்த கேள்வி இது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நெருக்கினால்தான் அழுத்தம். மாதிரியை மட்டும் துளையில் வைத்து முடுக்கினால் மேலும் கீழும் ஒரு நெருக்கல், பக்கவாட்டில் வேறு நெருக்கல், ஆக அது தகைவு. அதனால்தான் மாதிரியைச் சுற்றி மென்மையான ‘அழுத்த ஊடகம்’ நிரப்புகிறார்கள். மெத்தனாலும் எத்தனாலும் 4:1 கலந்த நீர்மம் சுமார் 10 ஜிகாபாஸ்கல் வரைக்கும் கைகொடுக்கும். அதற்கு மேல் ஹீலியம் அல்லது நியான். ஹீலியமும் அறை வெப்பத்தில் 12 ஜிகாபாஸ்கலுக்குள் உறைந்துவிடும், ஆனால் அந்தத் திண்மமும் மிக மென்மையானது என்பதால் அதை நம்பி மேலே போகிறார்கள். ஆகவே மீயழுத்தம் என்று எழுதுமிடத்தில் ஊடகம் எது என்றும் எழுதுவதை நம் கட்டுரைகளில் வழக்கமாக்குவோம்.

> அளப்பதற்கு ‘மாணிக்கமானி’ – ஓசையும் அழகு!

ஓசை அழகுதான், எனக்கும் ஆசை. ஆனால் மானி என்றால் தானே அளவைக் காட்டும் கருவி. இங்கே மாதிரி அறைக்குள் சில மைக்ரோமீட்டர் அளவில் ஒரு மாணிக்கத் துகளைப் போட்டு, வைரத்தின் வழியாகப் பச்சை லேசரைச் செலுத்துகிறார்கள். அது சிவப்பாக ஒளிரும். நிறமாலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகடுகள் எழும், பெரியது சாதாரண அழுத்தத்தில் 694.2 நானோமீட்டரில் நிற்கும். முடுக்க முடுக்க அது நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும்: 10 ஜிகாபாஸ்கலில் ஏறத்தாழ 3.6 நானோமீட்டர், 100-இல் சுமார் 31. நகர்வு நேர்கோட்டில் போகாததால் அதை அழுத்தமாக மாற்ற ஒரு சமன்பாடு வேண்டியிருக்கிறது. ஃபோர்மன் என்ற ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் 1972-இல் கொண்டுவந்த முறை இது. அந்தச் சமன்பாட்டை 1978-இல் மெகாபார் வரை நீட்டியபோது செம்பு, மாலிப்டினம், பல்லேடியம், வெள்ளி ஆகியவற்றின் அதிர்ச்சி அலை அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டார்கள். எனவே இது இன்னொன்றிடம் கடன் வாங்கிய அளவுகோல். ‘மாணிக்க அளவுகோல்’ என்பதே நேர்மையான பெயர்.

அந்த அதிர்ச்சி அலையில்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. சிமிழில் வைத்து மெல்ல நெருக்குவது நிலை அமுக்கல். லேசராலோ வேகமான எறிபொருளாலோ ஒரே அறையாக அறைவது அதிர்ச்சி அமுக்கல், அதில் வெப்பமும் எகிறி மாதிரி உருகிவிடக்கூடும். மூன்றாவது வகையில் சில நானோ நொடிகளுக்குள்ளேயே அழுத்தத்தைச் சரிவாக ஏற்றுகிறார்கள், சூடு அவ்வளவு ஏறாது. அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள தேசிய இக்னிஷன் ஆய்வகத்தில் வைரத்தை இப்படி 5 டெராபாஸ்கல், அதாவது 5000 ஜிகாபாஸ்கல் வரை அமுக்கி 2014-இல் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ராம்ப் கம்ப்ரெஷன்’. ‘சாய்வு அமுக்கல்’ என்றால் சாய்வாக வைத்து அமுக்குவது போல ஆகிவிடும். ‘ஏறுமுக அமுக்கல்’ எப்படி இருக்கிறது? இதைவிடச் சின்னதாக ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்