வடக்கில் மக்கள் தொகை குறையும்போது குடும்பத் திட்டமிடல் எதற்கு?

வலிகாமம் வாசகன்:
1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012 இல் அத்தொகை ஆறு இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2010 இல் ஒன்பதாக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள் 2024 இல் ஆறாகிவிட்டன. நிலைமை இவ்வாறிருக்க, எங்கள் கிளினிக்குகளில் இளந்தாய்மாரிடம் லூப், ஊசி, குளிசை என்று கருத்தடை முறைகளைப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பெண் சராசரியாக ஆறு பிள்ளைகள் பெறும் நைஜர் போன்ற நாடுகளுக்கு அது பொருந்தலாம். ஊரே வெறுமையாகும் மண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

ஓய்வுபெற்ற மருத்துவமாது, சாவகச்சேரி:
தம்பி, நீங்கள் தந்த எண்கள் சரியானவை. அவற்றுக்குக் காட்டும் காரணத்தில்தான் நான் மாறுபடுகிறேன். போரில் மாண்டவர்கள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள், 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளே பூட்டிக் கிடந்தன. குளிசை எவரையும் ஊரைவிட்டு அனுப்பவில்லை. ஆசனங்களும் வாக்காளர் இடாப்பைக் கொண்டே பங்கிடப்படுகின்றன; அந்த இடாப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை.

கிளினிக்கில் நாங்கள் அதிகம் பேசியது அடுத்த பிள்ளை எப்போது என்பதைப் பற்றியே. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது, இரத்தச்சோகை தீராமல் மறுபடி கருவுறும் தாயையும் பால்குடி மறக்காத மூத்த பிள்ளையையும் எண்ணித்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்த பின்னர், மூன்று மாத ஊசிக்குத் திகதி தவறிய பெண்கள் சிலர் பாடசாலை மண்டபங்களிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். கிளினிக் அட்டையை மடித்துப் பத்திரப்படுத்தி வந்திருந்த ஒரு தாய், மடியில் ஒன்றோடு வயிற்றிலும் ஒன்றைச் சுமந்து இனி எங்கே ஓடுவேன் என்று அழுதார். அவரிடம் இனத்தின் எண்ணிக்கையைப் பேச எனக்கு வாய் எழவில்லை, இன்றும் எழாது.

வலிகாமம் வாசகன்:
அம்மா, அந்தத் தாயின் கண்ணீரை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் உங்களை நம்பியதுபோல அரச இயந்திரத்தை நம்ப என்னால் முடியாது. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், தாய்மாருக்குப் போதிய விளக்கமின்றியும் வற்புறுத்தியும் கைத்தோலின் கீழ் ஐந்தாண்டுக் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. இந்தியாவில் அவசரகால நிலையின்போது 1976-77 இல் மட்டும் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. பெருவில் ஜனாதிபதி புஜிமோரியின் ஆட்சியில் பழங்குடிப் பெண்கள் பெருந்தொகையாக அதற்கு உட்படுத்தப்பட்டனர். மேலிடம் இலக்கு நிர்ணயித்தவுடன் கீழே உள்ள உத்தியோகத்தருக்குப் பெண் ஓர் எண்ணாகிவிடுகிறாள்.

தீவகத்துத் தாய்:
இடையில் ஒன்று கூறுகிறேன். ஊசி போட்டபின் மாதவிடாய் ஒழுங்கு குலையலாம் என்று எனக்கு எவரும் முன்னரே சொல்லவில்லை. அயலவர் பேச்சைக் கேட்டுப் பயந்து நிறுத்திவிட்டேன். இரண்டாவது பிள்ளை நாங்கள் எண்ணியிருந்த காலத்துக்கு முன்பே வந்துவிட்டான். இத்தனைக்கும் என் கணவரை ஒருநாள்கூட யாரும் கிளினிக்குக்கு அழைத்ததில்லை. ஆண்களுக்கான சத்திரசிகிச்சை பெண்களுக்கானதைவிட எளியது என்பதையும் மிகவும் பிந்தியே அறிந்தேன்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது, சாவகச்சேரி:
தங்கச்சி, நீங்கள் சொன்ன குறையே இந்த விவாதத்தின் நடுப்பொருள் என்று நினைக்கிறேன். பங்களாதேஷின் மத்லப் பகுதியில் 1975 இல் குளிசையையும் ஆணுறையையும் வீடுவீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் ஏறிய பாவனை நிலைக்கவில்லை. 1977 இல் முறையை மாற்றி, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களை ஒழுங்காக வீடுகளுக்கு அனுப்பி, பல வழிகளில் விரும்பியதைத் தெரிவு செய்யவிட்டு, பக்கவிளைவு வந்தால் உடனே கவனித்தபோதுதான் அது வேரூன்றியது. பொருளைக் கொடுப்பது ஒன்று, பொறுப்பெடுப்பது வேறு.

தம்பி, நீங்கள் கூறிய கொடுமைகளை நானும் மறைக்கமாட்டேன். இந்தியாவில் நடந்தவை போன்றவற்றின் காரணமாகவே 1994 இல் கெய்ரோவில் மக்கள்தொகை மாநாட்டுக்குக் கூடிய நாடுகள், எண்ணிக்கை இலக்கைவிடத் தனிமனிதரின் விருப்பமே முதன்மையானது என ஏற்றன. சம்மதமின்றிக் குச்சி வைத்தால் அது குற்றம். அந்தக் குற்றத்தைக் காட்டி, விரும்பிக் கேட்கும் பெண்ணுக்குக் கதவை அடைத்தால், அங்கேயும் அவளுடைய உடலைப் பற்றி இன்னொருவர்தானே முடிவெடுக்கிறார்?

வலிகாமம் வாசகன்:
கடைசியாகக் கேட்டதற்கு என்னிடம் உடனே மறுமொழி இல்லை. கதவை அடைக்கச் சொன்னதை மீளப் பெறுகிறேன். என் ஐயத்தை மீளப் பெறவில்லை. விளக்கம் தமிழில் தரப்பட வேண்டும், கையொப்பமிடுவதற்கு முன் வீட்டுக்குப் போய் யோசிக்க அவகாசம் வேண்டும், வைத்ததை எடுக்கச் சொன்னால் அலைக்கழிக்காமல் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, நான்காவது பிள்ளை வேண்டும் என்று வரும் தாயையும் முகம் சுளிக்காமல் வரவேற்பார்களா?

ஓய்வுபெற்ற மருத்துவமாது, சாவகச்சேரி:
வரவேற்க வேண்டும். சுளித்த முகங்களையும் நான் கண்டிருக்கிறேன், அது தவறு. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதியரை உரிய சிகிச்சைக்கு அனுப்புவதும் எங்கள் கடமையாகவே இருந்தது. ஊசிக்கு வந்தவரின் பெயரும், ஒரு பிள்ளைக்காக ஏங்கி வந்தவரின் பெயரும் என் பதிவேட்டில் அடுத்தடுத்து இருந்தன.