கலைச்சொல் உதவி: பிரசவ மரணமா, தாய் மரணமா? (வெள்ளிக்குள் வேண்டும்)

எழுதியவர்: செவிலியர் ஆசிரியை, திருநெல்வேலி

அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு மாணவிகளுக்குத் தமிழில் ஒரு பாடத்தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 'மெட்டர்னல் மார்ட்டாலிட்டி ரேஷியோ' (கருப்பத்தாலோ பிள்ளைப்பேற்றாலோ இறக்கும் பெண்களின் கணக்கு) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி இரண்டு நாளாக நிற்கிறேன். பாடத்தாளின் படத்தில் இருப்பது ஒரு சரிவுக்கோடு. உலக அளவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2000இல் 328 பெண்கள் இறந்தார்கள்; 2023இல் 197 பேர். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 உயிர்கள். 2030க்குள் 70க்குக் கீழே வரவேண்டும் என்பது இலக்கு, ஆனால் 2016க்குப் பிறகு சரிவே தளர்ந்துவிட்டது.

'பிரசவ மரணம்' என்று எழுதி வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்க அத்தை பிள்ளை பெத்து பத்தொன்பதாம் நாள் காய்ச்சல்ல போனாங்க. அவங்க இதுல வருவாங்களா?" என்றாள். வருவார். 42 நாள் வரை கணக்கு உண்டு. நான் எழுதிய சொல்லில்தான் அவர் இல்லை.

எழுதியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

மகளே, 'பிரசவம்' வடசொல், அதை விடுங்கள். நம்மிடம் 'சூல்' இருக்கிறது. குறுந்தொகை 287இல் 'கடுஞ்சூல் மகளிர்' வருகிறார்கள். பன்னிரண்டு திங்கள் சுமந்து, நடக்க மாட்டாமல், பச்சைப்புளிக்கு ஏங்கும் பெண்ணைப் போல மேகம் நீர்கொண்டு மலையை நோக்கி எழுகிறது. 'சுல்' என்ற வளைவு வேரிலிருந்து சுழி, சுருள், சூழ், சூல் எல்லாம் பிறந்தன என்பது என் கருத்து. வயிறு வளைந்து திரள்வதால் சூல். நெல்லும் சூல் கொள்ளும், மேகமும் சூல் கொள்ளும். 'சூற்சாவு' என்று எழுதுங்கள்.

எழுதியவர்: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தருமபுரி

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் 'சூற்சாவு' என்றால் விழிப்பார். இன்னொன்று, உலகெங்கும் முதல் காரணம் இரத்தப்போக்கு. அதில் பெரும்பகுதி பிள்ளை பிறந்த பிறகு வருவது. வெளியே மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே துணி மேல் துணியாக நனைந்துகொண்டிருக்கும். சூல் இறங்கியாயிற்று, ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. நாங்கள் பேசும்போது 'மகப்பேறு மரணம்' என்றுதான் சொல்கிறோம். அதுவே போதும்.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

டொக்டர் சொல்வது சரி. இங்கே நாங்கள் 'தாய் மரணம்' என்போம். ஆனால் என் கவலை பின்பாதியில். தமிழ்நாட்டில் ரேட், ரேஷியோ இரண்டுக்கும் 'விகிதம்' போட்டுவிடுகிறீர்கள். எங்கள் பள்ளிக் கணிதத்திலேயே ரேட் 'வீதம்', ரேஷியோ 'விகிதம்'. இங்கே இந்த வேறுபாடு பெரிது. வீதத்தில் கீழே, அதாவது வகுக்கும் எண்ணாக, வருவது 15 முதல் 49 வயதுப் பெண்கள் எல்லோரும். விகிதத்தில் கீழே வருவது உயிருள்ள பிறப்புகள். பெண்கள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தாலே வீதம் இறங்கிவிடும், ஒரு பேறுகூடப் பாதுகாப்பாக ஆகியிருக்க வேண்டியதில்லை. விகிதம் இறங்க வேண்டுமானால் கைதேர்ந்த மருத்துவமாது பக்கத்தில் இருக்க வேண்டும், இரத்தம் இருக்க வேண்டும், வண்டி நேரத்துக்கு வர வேண்டும். மாணவிகளுக்கு இதைக் குழப்பிக் கொடுக்காதீர்கள், தங்கச்சி.

எழுதியவர்: கல்வெட்டு ஆய்வாளர், புதுக்கோட்டை

'தாய்' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். எங்கள் பக்கம் பழைய சாலையோரம் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. நிமிர்த்தி நட்ட இரண்டு கல், மேலே ஒரு பலகைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் சுமை இறங்கட்டும் என்று வீட்டார் நட்டவை. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். அந்தப் பெண் தலைச்சன் முகம் பார்க்கவில்லை. கருக்கலைந்து போனவளும், கருக்குழாய் வெடித்துப் போனவளும் அப்படித்தான். அவர்களும் இந்த 197இல் இருக்கிறார்கள்.

எழுதியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

அப்படியானால் 'மகப்பேறு' மட்டும் எப்படிப் பொருந்தும்? பேறு என்றால் பெற்றது. பெறாமலே போனவளுக்கு ஏது பேறு? அவளையும் சேர்ப்பது சூல் ஒன்றுதான். பிறகு வருகிற 42 நாளையும் 'சூல்காலம்' என்று நீட்டி வரையறுத்துக்கொள்ளலாமே.

எழுதியவர்: செவிலியர் ஆசிரியை, திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை தாளை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 'மகப்பேற்று மரண விகிதம்' என்று போட்டிருக்கிறேன். வீதத்தைத் தனிப் பெட்டியில் பிரித்துக் காட்டியிருக்கிறேன். தலைப்புக்குக் கீழே ஒரு வரி: 'கருவுற்றது முதல், கருப்பம் எவ்வகையில் முடிந்தாலும் அதன்பின் 42 நாள் வரை, கருப்பத்தாலோ அதற்கான சிகிச்சையாலோ, அவற்றால் மோசமடைந்த நோயாலோ நேரும் இறப்பு, தற்செயல் விபத்து சேராது.' அந்த மாணவிதான் முதலில் வாசித்துப் பார்த்தாள்.

எழுதியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

வரையறை நன்று. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பு எப்போது?