மகன் டர்னர் ஆகட்டுமா, நான்காண்டு பொறியியல் படிக்கட்டுமா?

கேள்வி: தாராபுரத்திலிருந்து ஒரு தந்தை

வணக்கம். என் மகன் இவ்வாண்டு பிளஸ் டூ தேறியிருக்கிறான். கணிதப் பிரிவு, அரசுப் பள்ளி. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இடம் கிடைக்கும். ஆனால் கோடை விடுமுறையில் கோவையில் அவனுடைய பெரியம்மா மகன் வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் போய்வந்ததிலிருந்து, ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) டர்னர், அதாவது லேத்தில் உலோகம் கடையும் தொழில், படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். கிணறு வற்றிக் கிடக்கும் இந்த நேரத்தில் நான்காண்டுக் கட்டணத்துக்குக் கடன் வாங்க எனக்கும் தயக்கம்தான். இருந்தாலும், "பன்னிரண்டு வரை படிக்க வைத்துவிட்டுப் பட்டறைக்கா அனுப்புகிறாய், நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று என் அக்கா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: கோவை கணபதி பகுதியில் பட்டறை நடத்துபவர்

ஐயா, 26 ஆண்டுகளாகப் பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காக, அதாவது பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு, செய்துவருகிறேன். டர்னரா, பொறியாளரா என்பதைவிட, உங்கள் மகன் எந்த மாதிரி டர்னராக வருவான் என்பதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி இயந்திரத்தில் ஜாப்பை (கடைய வேண்டிய உலோகத் துண்டை) மாட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைப்பவர் ஆபரேட்டர். அந்த வேலையை ஒரு மாதத்தில் யாரும் பழகிவிடலாம் என்பதால் அவருக்குச் சம்பளமும் அந்த அளவில்தான் நிற்கும். வரைபடத்தைப் படித்து, எந்த டூல் எந்த வரிசையில் வர வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொரு டூலுக்கும் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போட்டு, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை அளந்து சரிபார்ப்பவர் செட்டர். அவர் ஒருநாள் வராவிட்டால் என் பட்டறையில் மூன்று இயந்திரங்கள் நிற்கும். அவரை வேறு பட்டறைக்காரர் கூப்பிட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் எனக்கு உண்டு.

செட்டராக வேண்டுமானால் அடிப்படை வலுவாக இருக்க வேண்டும். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் ஆகியவை ஐடிஐயில் இரண்டாண்டுப் பிரிவுகள். அதன் பிறகு ஓராண்டாவது அச்சுகளும் கருவிகளும் செய்யும் நல்ல டூல் ரூமில் அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) இருக்கட்டும். உதவித்தொகை சற்றுக் குறைந்தாலும், உற்பத்தி வரிசையில் ஒரே பொத்தானை அழுத்த வைக்கும் பெரிய ஆலையைவிட அது மேல். கடினத்தையும் மறைக்கக் கூடாது: நாள் முழுக்க நிற்க வேண்டும், இரவு ஷிப்ட் வரும், வெட்டும்போது சூடு தணிக்கும் கூலன்ட் திரவம் பட்டுச் சிலருக்குக் கைத்தோல் உரியும், ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நின்று வருமானமும் இறங்கும்.

கோவையின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு அவர்களே நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டு, 1945-இல் கோவையில் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரியின் பொறுப்பிலிருந்து விலகினார் என்று இங்கே பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் குறைக்கச் சொன்னது ஆண்டுகளைத்தான், படிப்பை அல்ல.

பதில் 2: ஈரோடு, பாலிடெக்னிக் ஆசிரியை

கணிதப் பிரிவு என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இரண்டே ஆண்டில் மெக்கானிக்கல் டிப்ளமோ பெறலாம். வேண்டுமானால் அதன் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். ஐடிஐ முடித்தவருக்கும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு திறந்திருக்கிறது என்றாலும், அப்படிப் போனால் மொத்தம் நான்கு ஆண்டுகள் ஆகிவிடும். ஆகவே மகன் பின்னாளில் டிப்ளமோவும் படிக்க நினைக்கிறானா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். கைவேலைதான் அவன் விருப்பம் என்றால் ஐடிஐயே பொருத்தம், ஏனெனில் எங்கள் மாணவர்கள் பட்டறையில் நிற்கும் நேரம் அங்கிருப்பதைவிடக் குறைவு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

பதில் 3: அரசூரில் தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்

நான் பி.இ. படித்தவன். என் கல்லூரியில் ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தோம். வெர்னியர் என்ற நுண்ணளவுகோலைப் பிழையின்றிப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேலைக்குச் சேர்ந்த இடத்திலிருந்த ஐடிஐ முடித்த அண்ணன் ஒருவர். ஆயினும் மேற்பார்வைப் பதவி வந்தபோது சான்றிதழைப் பார்த்து என்னைத்தான் அழைத்தார்கள், அவரை அல்ல. அது நியாயமில்லை என்றாலும் நடக்கிறது. உங்கள் மகனும் அதை அறிந்தே சேரட்டும்.

மீண்டும் கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னதை மகனிடம் கேட்டேன். டிப்ளமோவைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் டர்னர் என்று சொன்னானாம். என்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை போலும். அடுத்த வாரம் ஐடிஐ விண்ணப்பத்துக்காகக் கோவை வருகிறோம். கணபதி ஐயா அனுமதித்தால், அன்றே உங்கள் பட்டறையில் அந்தச் செட்டரின் பக்கத்தில் அவனை ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். என் அக்காவும் உடன் வருவதாகச் சொல்கிறார்.