ஒருங்கமை சமன்பாட்டில 0 = 0 எண்டு வந்தா என்ன விடை எழுதுறது?

வெள்ளவத்தை அக்கா:
தங்கச்சிக்கு இந்த முறை ஓ எல், கிளாஸில குடுத்த பேப்பரில 2எக்ஸ் + 3வை = 12, 4எக்ஸ் + 6வை = 24 எண்டு வந்திருக்கு, முதலாவதை ரெண்டால பெருக்கிக் கழிச்சா எல்லாம் வெட்டுப்பட்டு 0 = 0 எண்டு நிக்குது, அவ எக்ஸ் 0, வை 0 எண்டு எழுதி வச்சிருக்கிறா. போட்டுப் பாத்தா 0 = 12, பிழைதான். ஆனா சரி எது? அடுத்த கணக்கில 24 க்குப் பதிலா 30, அதில 0 = 6 வருது. ரெண்டுக்கும் தீர்வு இல்லை எண்டே எழுதலாமா?

கொட்டாஞ்சேனை பொடியன்:
இல்லை அக்கா, ரெண்டும் வேற வேற. கடையில ரெண்டு பிளேன்டீ, மூண்டு ரோல்ஸ் 560 ரூபா எண்டு வைங்கோ. அடுத்த நாள் நாலு பிளேன்டீ, ஆறு ரோல்ஸ் 1120 ரூபா. ரெண்டு பில் கையில இருந்தும் ஒரு ரோல்ஸ் என்ன விலை எண்டு கண்டுபிடிக்கேலாது, ஏனெண்டா ரெண்டாவது பில் புதுசா ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் 0 = 0, தீர்வு முடிவில்லாம இருக்கு. ரெண்டாவது பில் 1300 எண்டா? விலை மாறாம அப்பிடி வரவே ஏலாது, அதுதான் 0 = 6. அங்கதான் தீர்வு இல்லை.
வரைபு கீறினா முதலாவது கணக்கில ரெண்டும் ஒரே கோடு. அடுத்ததில படித்திறன் (கோட்டின்ர சரிவு) ரெண்டுக்கும் −2/3, வெட்டுத்துண்டு (வை அச்சை வெட்டுற இடம்) 4, 5, சமாந்தரம், வெட்டாது.

வெள்ளவத்தை அக்கா:
அப்ப முதலாவதுக்கு எந்த எண் போட்டாலும் சரியோ?

கொட்டாஞ்சேனை பொடியன்:
ஐயோ இல்லை, 1, 1 போட்டா 5 தான் வரும். அந்தக் கோட்டில கிடக்கிற புள்ளிகள் மட்டும்: (0, 4), (3, 2), (6, 0), இப்பிடி. எக்ஸை விரும்பின மாதிரி எடுங்கோ, வை = (12 − 2எக்ஸ்)/3.

கம்பஸ் கணக்கு:
ஒண்டு சேர்க்கிறன், ஏ எல் பிள்ளையளுக்கு. கிராமர் முறையில (1750 இல வந்தது) துணிகோவையால (குணகங்களைக் குறுக்கே பெருக்கிக் கழிச்சு வாற எண், இங்க 2×6 − 3×4) வகுத்துத்தான் விடை எடுக்கிறது. இந்த ரெண்டுக்கும் அது 0 தான், பூச்சியத்தால வகுக்கேலாது, அதோட அந்த முறை நிண்டுடும், துணிகோவை 0 எண்டது மட்டும் எது எண்டு பிரிச்சுக் காட்டாது. கழிச்சுக் கழிச்சு வெட்டுறதுதான் நல்லம், சீனாக்காரர் ஏறத்தாழ 2000 வருசத்துக்கு முந்தியே செய்த வேலை, பேர் மட்டும் ஜெர்மன் கணித மேதை காவுஸுக்குப் போயிட்டுது.
மூண்டு மாறி (எக்ஸ், வை, இசட்) வந்தா ஒவ்வொரு சமன்பாடும் கோடு இல்லை, ஒரு தளம், அங்க சமாந்தரம் இல்லாமலே தீர்வு இல்லாமப் போகலாம்: எக்ஸ் + வை + இசட் = 6, எக்ஸ் − வை + 2இசட் = 5, 2எக்ஸ் + 3இசட் = 12. எந்த ரெண்டு தளமும் சமாந்தரம் இல்லை, ஆனா முதல் ரெண்டையும் கூட்டினா 11, மூண்டாவது 12 எண்டு நிக்குது. அந்த 12 ஐ 11 ஆக்கிப் பாருங்கோ, (1, 2, 3) உட்பட ஒரு முழுக் கோடே தீர்வா வரும்.