சம்பளம் தள்ளிப் போகுது, பி.எப். விழல, இந்த ஸ்டார்ட்அப்புல இருக்கலாமா?

எர்ணாவூர்_டெஸ்டர்

அண்ணன்மாரே, அக்காமாரே, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. திருவொற்றியூர் பக்கம் 34 பேர் இருக்கிற ஸ்டார்ட்அப். துறைமுகத்துக்குப் போய்வர்ற கன்டெய்னர் லாரிகளுக்கு ஜிபிஎஸ் கருவியும் அதுக்கான ஆப்பும் பண்றாங்க. டெஸ்டிங் வேலை, இரண்டே கால் வருஷ சர்வீஸ், அடிப்படைச் சம்பளம் 25,000. ஜனவரி சம்பளம் பிப்ரவரி 19-ல வந்தது. பிப்ரவரியில பாதி மார்ச் 12-ல வந்தது, மீதிக்குத் தேதி சொல்லல. பேஸ்லிப்புல பி.எப்., டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிக்கிற வருமான வரி) ரெண்டும் பிடிச்சிருக்கு. பி.எப். பாஸ்புக் டிசம்பரோட நிக்குது. மீட்டிங்ல முதலீட்டாளர்கிட்டேர்ந்து அடுத்த ரவுண்டு பணம் வந்துடும்னு சொல்றாங்க. உண்மை நிலவரத்தை எப்படித் தெரிஞ்சுக்கறது? இப்போ பேப்பர் போட்டா நிலுவை போயிடுமா? 60 நாள் நோட்டீஸ். கொஞ்சம் ஈசாப்பும் (கம்பெனி ஷேரை வாங்கிக்கற உரிமை) இருக்கு.

கணக்குப்பிள்ளை_கொளத்தூர்

தம்பி, மீட்டிங்ல சொல்றதை விடுங்க. முதல்ல பி.எப். செலானை, அதாவது பணம் கட்டின ரசீதைப் பாருங்க. காசு தட்டுப்பட்டா கம்பெனி எதை முதல்ல நிறுத்தும்? சம்பளத்தை நிறுத்தினா அன்னைக்கே 34 பேரும் கேப்பாங்க. வாடகை தள்ளிப்போனா கட்டடக்காரர் வந்து நிப்பார். சர்வர் பில்லு கட்டலன்னா ஆப்பே நின்னுடும். பி.எப்., டிடிஎஸ் கட்டலன்னா மட்டும் மாசக்கணக்குல யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. அதனால முதல்ல கை வைக்கிறது அங்கதான்.

பாஸ்புக்குல பதிவு ஏற சில சமயம் தாமதமாகும், அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. பி.எப். தளத்துல 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்'னு ஒரு பக்கம் இருக்கு, லாகின் தேவையில்ல. கம்பெனி பேரையும் கேப்ட்சாவையும் போட்டா பேர் வரும். உள்ள போனா பணம் கட்டின விவரம் வரிசையா இருக்கும். எந்த மாசச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில, எவ்வளவு, எத்தனை பேருக்கு. நாலு கட்டத்தையும் படிங்க. ஒவ்வொரு மாசத்துக்கும் கெடு அடுத்த மாசம் 15. கட்டின தேதி 15, அப்புறம் 28, அப்புறம் அடுத்த மாசம்னு நகர்ந்தா கம்பெனி இந்த மாச வசூலை வெச்சு போன மாசக் கடனை அடைக்குதுன்னு அர்த்தம். ஆள் எண்ணிக்கை திடீர்னு குறைஞ்சா இன்னும் கவலைப்படணும்.

உங்க கணக்கு இது. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கிறாங்கன்னா உங்க பங்கு 12 சதவீதம், 3,000. கம்பெனி பங்கும் 3,000. அதுல 1,250 பென்ஷனுக்கு, 1,750 பி.எப்.புக்கு. ஒரு மாசம் விழலன்னா 6,000. உங்க சம்பளத்துல பிடிச்சதைக் கட்டாம வெச்சுக்கறது நம்பிக்கை மோசடிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 316. தாமதத்துக்கு வட்டி கம்பெனி கட்டணும், அபராதம் தனி.

பேசின்பிரிட்ஜ்_வாசுகி

டிடிஎஸ் பற்றி: 26ஏஎஸ் (உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரித் தளப் பட்டியல்) காலாண்டுக்கு ஒரு முறைதான் நிரம்பும். ஜனவரி–மார்ச் காலாண்டுக் கணக்குக்குக் கெடு மே 31, ஆகவே இப்போது அது காலியாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். அக்டோபர்–டிசம்பருக்குக் கெடு ஜனவரி 31. அதுவும் காலி என்றால் பிடித்த வரி அரசுக்குப் போகவில்லை, அல்லது கணக்கைத் தாக்கல் செய்யவில்லை. பேஸ்லிப்பை பத்திரமாக வையுங்கள். பிடித்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 1961-இன் 205-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்று காட்ட வேண்டியது நீங்கள்.

அலுவலக மெயில் ஒரே நாளில் அடைபடும். அதற்கு முன்பே நியமனக் கடிதம், எல்லா மாத பேஸ்லிப், சம்பள உயர்வு மெயில், ஈசாப் கடிதம் ஆகியவற்றை பிடிஎஃப் ஆக உங்கள் கைக்கு மாற்றிவிடுங்கள். மென்பொருள் கோடு, வாடிக்கையாளர் பட்டியல், டெஸ்ட் டேட்டா எதையும் தொடாதீர்கள். அதை எடுத்தால் நிலுவையை நிறுத்திவைக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

எச்.ஆருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். நீளம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம்:

"பிப்ரவரி மாதச் சம்பளத்தில் இத்தனை ரூபாய் நிலுவை உள்ளது. ஜனவரி, பிப்ரவரி பி.எப். என் கணக்கில் பதிவாகவில்லை. இந்தத் தொகை சரிதானா, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று தெரிவிக்கவும்."

"ஆமாம், விரைவில்" என்று ஒரு வரி பதில் வந்தாலே போதும், அது கடனை ஒப்புக்கொண்டதற்கான ஆவணம். வாய்ச்சொல்லை எங்கேயும் காட்ட முடியாது.

இன்னொன்று, பலரும் மறப்பது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி நின்றுவிடும், கையில் உள்ள கார்டு அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரி கவுன்டரில்தான் தெரியவரும். அட்டையிலுள்ள எண்ணுக்குப் போன் செய்து பாலிசி நடப்பில் உள்ளதா, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். அப்பா அம்மா அதில் இருந்தால், விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாறக் கேட்டுவிடுங்கள். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்த நாட்களும் புதிய பாலிசியில் கணக்கில் சேரும்.

ராஜாஜிசாலை_7

ஈசாப்பைக் கணக்குல சேர்க்காதீங்க. கம்பெனி வித்தாலும் முதலீட்டாளர் தன் பணத்தை முதல்ல எடுத்துக்கற மாதிரிதான் வழக்கமா ஒப்பந்தம் இருக்கும்; மிச்சம் இருந்தாத்தான் ஊழியருக்கு. இப்போ காசு கட்டி ஷேரா மாத்தினா, அன்னைய மதிப்புக்கும் நீங்க கட்டினதுக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமா சேர்ந்து வரி வரும், விக்க வழியில்லாத ஷேருக்கு. அந்தப் பணம் வீட்டுல இருக்கட்டும்.

நிலவரம் பார்க்க எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்துலயும் கம்பெனி பேரைப் போடுங்க. இயக்குநர் யார் யார், கடைசி பேலன்ஸ் ஷீட் எந்த வருஷம், சொத்து மேல யார்கிட்ட கடன், இது இலவசம். 100 ரூபா கட்டினா தாக்கல் பண்ண ஆவணங்களையே பார்க்கலாம். ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு இயக்குநர் விலகியிருந்தா, மீட்டிங்ல சொல்ற அடுத்த ரவுண்டு மேல எனக்கு நம்பிக்கை வராது.

கம்பெனி திவாலானா வழக்கு ராஜாஜி சாலை தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். சம்பள நிலுவைக்காக நாமே மனு போடணும்னா நிலுவை குறைஞ்சது 1 கோடி இருக்கணும். 34 பேர் சேர்ந்தாலும் எட்டாது. வேற யாராவது போட்டு அனுமதி ஆச்சுன்னா, பேப்பர்ல வர்ற பொது அறிவிப்பைப் பார்த்து, அதுல போட்டிருக்கிற கடைசித் தேதிக்குள்ள 'படிவம் டி'யில உங்க நிலுவையைத் தாக்கல் பண்ணுங்க. கலைப்புன்னு வந்தா தொழிலாளர் கணக்குல வராத ஊழியரோட 12 மாசச் சம்பள பாக்கிக்குத்தான் முன்னுரிமை, அதுவும் வங்கிக் கடனுக்கு அப்புறம். பி.எப். பாக்கி மட்டும் அந்தக் குவியல்ல சேராது, சட்டமே தனியா ஒதுக்கி வெச்சிருக்கு.

எர்ணாவூர்_டெஸ்டர்

பார்த்துட்டேன் அண்ணா. நவம்பர் சம்பளத்துக்கு டிசம்பர் 29-ல கட்டியிருக்காங்க. டிசம்பருக்கு பிப்ரவரி 2, 39 பேர். ஜனவரிக்கு மார்ச் 6, ஆனா வெறும் 5 பேருக்கு மட்டும். பிப்ரவரியில வேலையை விட்டுப் போனவங்களும் அஞ்சு பேர்தான். 26ஏஎஸ்ல அக்டோபர்–டிசம்பர் காலி.

கணக்குப்பிள்ளை_கொளத்தூர்

அப்போ விஷயம் வெளிச்சமா இருக்கு. விலகினவங்களுக்குக் கட்டியிருக்காங்க, உள்ள இருக்கிறவங்களுக்குக் கட்டல. நிறுவனர் நல்லவராவே இருக்கலாம். பணம் இல்லாதப்போ அழுத்துறவனுக்குத்தான் முதல்ல போகும். வேலை தேடறதை இன்னைக்கே ஆரம்பிங்க. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் வேணும், அதை நினைச்சுக் காத்திருக்காதீங்க.

ராஜினாமா கடிதத்துலயே நிலுவைத் தொகையை எழுதுங்க. 60 நாளும் இருந்தா அந்த 60 நாள் சம்பளமும் நிலுவையில சேரும். 15 நாள்ல வேலையை ஒப்படைக்கிறேன், மீதி நோட்டீஸ் நாளைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு கேளுங்க. சம்பளச் செலவு குறையுதுன்னு பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அந்த ஒப்புதல் மெயில்ல வரணும். லேப்டாப் கொடுக்கும்போது சீரியல் நம்பரோட கையெழுத்து வாங்குங்க.

2025 நவம்பர் 21-லேர்ந்து நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி மாசச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள்ள. விலகினா பாக்கிச் சம்பளம் 2 வேலை நாளுக்குள்ள. தரலன்னா பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த எச்.ஆர். மெயில் மூணையும் வெச்சு தொழிலாளர் துறையில மனு. பி.எப்.புக்கு பி.எப். அலுவலகக் குறைதீர் தளத்துல யூஏஎன் (உங்க பி.எப். எண்) போட்டுத் தனிப் புகார். உள்ள இருக்கும்போதே போடலாம், விலகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 34 பேரும் தனித்தனியா போட்டா இன்னும் நல்லது.

கடைசியா, கம்பெனி உங்க விலகல் தேதியைப் பதியலன்னா பழைய பி.எப்.பை மாத்தவோ எடுக்கவோ இழுத்தடிக்கும். கடைசியா பணம் விழுந்து 2 மாசம் ஆனதும் யூஏஎன் தளத்துல 'மேனேஜ்' போய் 'மார்க் எக்ஸிட்'ல நீங்களே ஆதார் ஓடிபி போட்டுப் பதியலாம். தேதியைச் சரியாப் போடுங்க, பின்னாடி திருத்தறது பெரிய அலைச்சல்.