பழைய சின்ன கார்: டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பையும் மாற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 12 வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வண்டியில் குறை இல்லை, சர்வீஸ் எஸ்டிமேட்டைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. ஆயில், ஃபில்டர் எல்லாம் சரி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் அதிலும் கஞ்சத்தனம் இல்லை.

குழப்பம் டைமிங் பெல்ட்டில்தான், அதாவது இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைக்கும் பெல்ட். முன்பு மாற்றியதற்கான பில் எதுவும் கையில் இல்லை. அறுந்தால் இந்த இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதும், செலவு பல மடங்காகும் என்கிறார் மெக்கானிக். அதனால் பெல்ட்டைத் தள்ளிப்போடப் போவதில்லை. கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். பம்ப்பில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. ஆனாலும் பிறகு எப்போதாவது கசிந்தால் மறுபடி பெல்ட் வரைக்கும் பிரிக்க வேண்டும், கூலி இரட்டிப்பு. பம்ப்பைக் கழற்றினால் கூலன்ட் எப்படியும் வடியும், அதுவும் புதிதாகிவிடும்.

இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: பம்ப்பையும் சேர்த்தே மாற்றினீர்களா? பெல்ட் கிட் கம்பெனி ஒரிஜினலா, வெளி பிராண்டா? அப்புறம், எஸ்டிமேட்டில் இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜின் உள்பக்கத்தைக் கழுவுவது), இன்ஜெக்டர் கிளீனிங் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகத்தைச் சுத்தம் செய்வது) என்று வேறு இருக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டுமே இல்லை. எஸ்டிமேட்டிலிருந்து அடித்துவிடச் சொல்லலாமா?